இனமும் சாதியும்: காண்டாமிருகம் எழுப்பும் ஒரு வினா

விலங்கியலைத் தமிழிற் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொற்கள் சில உள. வருணம், குடும்பம், சாதி, இனம் என்பன அவை. உயிர்களை நிரைப்படுத்துதற்கு ஈழத்துப் பாடநூல்கள் கையாளும் கலைச்சொற்கள் இவை. இவற்றுட் குடும்பம் நீங்கலாக ஏனைய மூன்றும் நம் சமூகத்தில் மனிதனை மனிதன் தாழ்த்துதற்கும் துன்புறுத்துதற்கும் கருவியாய் நின்ற சொற்களாகும். 'பாகுபாடு' என்னும் சொல்லும் அத்தகையதே. ஆய்வுகூடத்தில் அது ஓர் அறிவுமுறை. வீதியில் அது ஓர் அநீதி. அவ்வாறாயின், பிரித்தறிதல் என்பது ஏற்றத்தாழ்வு கற்பித்தலில் முடிந்தே தீருமா? இவ்வினாவைக் காண்டாமிருகத்தின் கூர்ப்பு வரலாற்றினை முன்வைத்து நோக்குவது பயனுடைத்து.

புறத்தோற்றம் உறவினை உணர்த்திவிடும் என நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம். வன்னிக் காட்டு யானையைக் கண்டு பழகிய ஒருவர், காண்டாமிருகத்தின் படத்தை நோக்குவாராயின், பருத்த உடலும் தடித்த தோலும் கொண்ட இவ்விரண்டும் உறவின எனவே கொள்வர். பிரெஞ்சு அறிஞர் கூவியேயும் யானை, காண்டாமிருகம், நீர்யானை, பன்றி ஆகியவற்றைத் தடித்தோல் விலங்குகள் என ஒரே வருணத்துள் அடக்கினார். 1848இல் ஆங்கிலேய அறிஞர் ரிச்சட் ஓவன் தோலை விடுத்துக் காலை ஆராய்ந்தார். மூன்று விரல்களையுடைய காண்டாமிருகம், குதிரையோடும் தாப்பிரோடும் ஒரே வருணத்திற் சேர்ந்தது. யானைக்கு உறவாக இன்று அறியப்படுவதோ, மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவாகும்.

காண்டாமிருகம் என்றதும் நினைவுக்கு வரும் கொம்பும் இவ்வாறே நம்மை ஏமாற்றுவது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதன் முன்னோர் கொம்பற்ற சிறு விலங்குகளாவர். பலுசிஸ்தானின் புக்தி மலைகளில் உயிர்ச்சுவடாகக் கிடைத்த பரசெராதீரியம், தரையில் வாழ்ந்த முலையூட்டிகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. காண்டாமிருகத்தின் உறவான அதற்கும் கொம்பில்லை. இன்று எஞ்சியுள்ள ஐந்து இனங்களுள் இந்திய, யாவா இனங்களுக்குக் கொம்பு ஒன்று. சுமாத்திரா இனத்துக்கும் ஆபிரிக்காவின் ஈரினங்களுக்கும் இரண்டு. கொம்பினை எண்ணி உறவு வகுப்பின் சுமாத்திரா இனம் ஆபிரிக்க இனங்களோடு சேர்தல் வேண்டும். ஆனால், 2021இல் வெளிவந்த பரம்பரையலகு ஆய்வு, அது ஏனைய ஆசிய இனங்களின் கிளையைச் சேர்ந்ததெனக் காட்டிற்று. ஆபிரிக்க இனங்களை 'வெள்ளை' என்றும் 'கறுப்பு' என்றும் அழைக்கின்றோம். இரண்டின் தோலும் சாம்பல் நிறமே.

இந்திய இனத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 1758இல் வெளிவந்த அந்நூலிலேயே அவர் மனிதரையும் நிறத்தாலும் நிலத்தாலும் நான்காக வகுத்து, ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுவோர், ஆபிரிக்கர் மனம்போன போக்கால் ஆளப்படுவோர் என எழுதிவைத்தார். விலங்கின் பற்களை எண்ணிய கை, மனிதரிடம் வந்ததும் தராசினை எடுத்துக்கொண்டது. பிரித்தல் எவ்விடத்தில் தரப்படுத்தலாய் மாறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் தீவிலும் காண்டாமிருகம் வாழ்ந்தது. சபரகமுவையின் இரத்தினக்கற் படுகைகளிற் கிடைத்த உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராய் விளங்கிய பி. இ. பி. தெரணியகல இரு இனங்களுக்குப் பெயரிட்டார். ஒன்று 'சிங்கலேயுஸ்', மற்றையது காண்டாமிருகத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லையொட்டிய 'ககவேன'. இங்கு மறைந்துபோன சிங்கத்துக்கும் நீர்யானைக்கும் முன்னைய பெயரையே அவர் சூட்டினார். நாட்டின் பெயரை விலங்குக்கு இடுதல் விலங்கியலில் வழமை, அதிற் குறைகாண்டற்கில்லை. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அவ்விலங்கு மேய்ந்த காலத்தில் இங்கு சிங்களமுமில்லை, தமிழுமில்லை. பெயர் மட்டுமே மனிதருடையது. மண்ணின் மூத்த உரிமை யாருடையதென்னும் வழக்கில் அதன் பற்களைச் சாட்சிக்கு அழைக்க எவராலும் இயலாது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். பாகுபாடின்றேற் பாதுகாப்பு ஏது? எது அருகியது என்பதை அறியாமல் எதனைக் காப்பது? இத்தடை வலுவுடையதே. வட வெள்ளைக் காண்டாமிருகத்தின் இறுதி ஆணாகிய 'சூடான்' 2018 மார்ச் 19இல் கென்யாவில் இறந்தபோது எஞ்சியவை இரு பெண் விலங்குகள். அது தனி இனம் என 2010இல் ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். உப இனமே என்பர் ஏனையோர். இவ்வழக்கின் முடிவு, எத்துணைப் பழமையான கிளையொன்று முறிந்தது என்பதை நமக்கு அறிவிக்கும். அவ்வறிவு இன்றியமையாதது. ஆயினும், உப இனமேயென முடிவாகுமாயின் அதனைக் கொம்புக்காகக் கொன்றொழித்த குற்றம் குறைந்துவிடுமா? கொலையுண்ட விலங்கின் நோவு அதன் வகைப்பெயரால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

எனவே, பாகுபாடு விடைகூறும் வினா வேறு, அறம் விடைகூறும் வினா வேறு. ஓர் உயிர் எங்கிருந்து வந்தது, எதனோடு உறவுடையது, எத்துணை அரியது என்பவற்றை முன்னையது கூறும். அதனை நாம் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதைப் பின்னையதே கூறவல்லது. இலங்கை யானை ஆசிய யானையின் ஓர் உப இனம் என்பது அறியத்தக்க உண்மை. வன்னியில் ஓரிரவில் விளைந்த வயலை இழந்த கமக்காரரின் துயருக்கோ, வெடிபட்டுக் காட்டோரம் வீழ்ந்த யானையின் துயருக்கோ அவ்வுண்மை விடையாகாது. அவ்விடை நம்மிடமிருந்தே வரல் வேண்டும். இனத்தின் பெயரால் நிகழ்ந்த யுத்தம் 2009இல் ஓய்ந்த மண்ணில் வாழும் நாம், இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் கேட்டினைப் பிறர் சொல்லி அறிய வேண்டியவர்களல்லர். வகுத்தறிவோம், ஆனால், வகுத்த கோட்டினைத் தராசின் கோலாக்காதிருப்போம்.