கிடைக்குமா?

சில வருஷங்களுக்கு முன் என் தங்கையின் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அமெரிக்காவில் பெயர் பெற்ற ஒரு சர்வகலாசாலைக்கு அவள் மனுப் போட்டிருந்த சமயம் அது. பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் மார்க்கு வாங்குகிறவள். வீணை வாசிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

"மாமா, எனக்கு இடம் கிடைக்குமா?" என்றாள்.

நான் பத்திரிகையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்கு அம்மா கிடைக்கப் போகிறது?" என்றேன்.

அன்பாகத்தான் சொன்னேன். பெரியவர்கள் எல்லாரும் சொல்கிறதைத்தான் நானும் சொன்னேன். மார்ச்சு மாதக் கடைசியில் பதில் வந்தது. இடம் இல்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் அவள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வந்த அன்று, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வெகு சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்கள் எல்லாரும் நினைத்த அளவுக்கு நான் இல்லை போலிருக்கிறது, மாமா."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. கடல் கடந்த ஒரு காரியாலயம் 'இடம் இல்லை' என்றுதான் எழுதியிருந்தது. அதற்கு 'நீ தகுதியில்லாதவள்' என்று பொருள் சொல்லிக் கொடுத்தது யார்? நான்தான். கிடைப்பது தகுதிக்கு அடையாளம் என்று சொன்னவன், கிடைக்காதது தகுதியின்மைக்கு அடையாளம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான். அவன் வாய் அதைச் சொல்லாவிட்டாலும் கேட்கிற குழந்தையின் மனம் சொல்லிக்கொள்கிறது.

அப்படியானால் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். உண்மை எது என்பதுதான் இங்கே சிக்கல்.

ஹார்வர்டு சர்வகலாசாலையை எடுத்துக்கொள்வோம். 2024-இல் அங்கே சேர மனுப் போட்டவர்கள் 54,008 பேர். இடம் கொடுக்கப்பட்டவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. ஆனால் இதை வைத்து, "உனக்கு நூற்றில் மூன்றரைப் பங்கு வாய்ப்பு இருக்கிறது" என்று ஒரு பெண்ணிடம் சொல்ல முடியுமா? முடியாது. சராசரி என்பது கூட்டத்தின் சொத்து. அதில் நிற்கிற எந்தத் தனி மனிதருக்கும் அது சொந்தமில்லை. ஒருத்திக்கு அதைவிடக் கூட இருக்கலாம், இன்னொருத்திக்கு அநேகமாக ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

நல்ல மார்க்கு வாங்கினவர்களுக்கு வாய்ப்பு அதிகம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். அந்தச் சர்வகலாசாலையின் மேல் போடப்பட்ட ஒரு வழக்கு 2018-இல் பாஸ்டன் நகரத்தில் விசாரணைக்கு வந்தபோது, வெளியார் பார்த்திராத கணக்குகள் வெளியே வந்தன. 2015-இல் சேர மனுப் போட்ட உள்நாட்டு மாணவர்களில், எஸ்.ஏ.டி. பரீட்சையின் கணிதப் பகுதியில் முழு மார்க்கு வாங்கினவர்கள் மட்டும் ஏறக்குறைய 3,400 பேர். ஆங்கிலப் பகுதியில் முழு மார்க்கு 2,700 பேருக்கு. பள்ளி மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லாதவர்கள் 8,000-க்கு மேல். இருந்த இடங்களோ சுமார் 1,600. நூற்றுக்கு நூறு வாங்கினவர்களை மட்டும் உள்ளே விட்டாலும் வாசலில் பெருங்கூட்டம் நின்றிருக்கும்.

பிறகு எப்படிப் பொறுக்குகிறார்கள்? படிப்பு, மற்ற ஈடுபாடுகள், விளையாட்டு, பள்ளி ஆசிரியர்களின் சிபாரிசு, குணம் முதலியவற்றுக்குத் தனித் தனியே மதிப்புப் போடுகிறார்கள். பிறகு சுமார் நாற்பது பேர் கொண்ட ஒரு குழு கூடி, விவாதித்து, வாக்கெடுத்து முடிவு செய்கிறது. நாற்பது மனிதர்களின் வாக்கு! காலையில் உள்ளே வந்திருக்கக் கூடிய ஒரு மனு, மாலையில் வெளியே போயிருக்கலாம்.

எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் போட்டுவிடவும் கூடாது. பழைய மாணவர்களின் பிள்ளைகள், விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவர்கள், நன்கொடை முதலிய காரணங்களால் சிறப்புப் பட்டியலில் ஏறினவர்கள், ஆசிரியர்களின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினரும் மனுப் போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தேர்வானவர்களிலோ ஏறக்குறைய முப்பது பேர் அவர்கள். இதுவும் அதே வழக்கில் வெளிவந்த சேதிதான். இதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தால் அநியாயத்துக்குச் சலுகை காட்டியவர்கள் ஆவோம்.

பெற்றோர்கள் ஒரு கணக்குப் போடுவதுண்டு. இருபது கலாசாலைகளுக்கு மனுப் போடு, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு, கூட்டினால் நூறு! கொஞ்சம் கணிதம் தெரிந்தவர், இருபதிலும் தோற்பதற்கான வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்து, ஓரிடமாவது கிடைக்க நூற்றுக்கு அறுபத்து நாலு என்பார். அதுவும் சரியில்லை. இருபது தடவை புதிதாகத் தாயம் உருட்டுகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. இங்கே உருட்டுகிற தாயம் ஏறக்குறைய ஒன்றே. அதே மார்க்கு, அதே ஆசிரியரின் கடிதம், அதே கட்டுரை இருபது மேஜைகளுக்கும் போகின்றன. ஒரு மேஜையில் கண்ட குறை அடுத்த மேஜையிலும் கண்ணில் படும்.

ஆகவே நேர்மையான பதில் இதுதான்: "அநேகமாகக் கிடைக்காது. உனக்கு எவ்வளவு வாய்ப்பு என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் அதிலிருந்து உன்னைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளவும் முடியாது."

"குழந்தையின் உற்சாகத்தைக் கெடுக்கலாமா?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. மானாவாரி நிலத்துக் குடியானவனை நினைத்துப் பார்க்கிறேன். மழை பொய்க்கலாம் என்பது அவனுக்குத் தெரியாததா? தெரிந்தும் உழுகிறான், விதைக்கிறான். மழை வராவிட்டால் அழுவான். ஆனால் தன் மண் மட்டமானது என்று சொல்லமாட்டான். நம்பிக்கை வேறு, மதிப்பீடு வேறு என்று அவனுக்குத் தெரியும். நாமோ குழந்தைகளுக்கு நம்பிக்கை கொடுப்பதாக நினைத்துப் பொய் மதிப்பீட்டைக் கொடுக்கிறோம். பலிக்காதபோது அவர்கள் மண்ணையே சந்தேகிக்கிறார்கள்.

இடம் கிடைத்தவர்களுக்கும் இந்தப் பொய் நல்லதல்ல. ஹார்வர்டிலேயே தத்துவம் போதிக்கும் மைக்கேல் சாண்டல், 2020-இல் எழுதிய ஒரு புத்தகத்தில், தகுதியுள்ள மனுக்களைப் பிரித்தெடுத்துவிட்டுப் பிறகு சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்று யோசனை சொன்னார். வெற்றி பெற்றவன் 'எல்லாம் என் சாமர்த்தியம்' என்று நெஞ்சு நிமிர்த்த முடியாது, தோற்றவன் தலைகுனிய வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. வெறும் கனவு என்று இதைத் தள்ள வேண்டாம். நெதர்லாந்தில் 1970-களிலிருந்து பல வருஷங்கள் மருத்துவப் படிப்புக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள். நல்ல மார்க்கு வாங்கினவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். என்றாலும் குலுக்கல் குலுக்கல்தான். அது முழு நியாயமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் சீட்டை வெளிப்படையாகக் குலுக்குகிறவர்கள், குலுக்கிவிட்டு அதற்குத் தகுதி என்று பெயர் சூட்டுகிறவர்களைவிட யோக்கியர்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

போன மாதம் அவளுடைய தம்பி வந்தான். அவனும் அமெரிக்காவுக்கு மனுப் போடுகிறானாம். "கிடைக்குமா, மாமா?" என்றான். இந்தத் தடவை பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். மனுப் போடு, நன்றாகப் போடு, ஆனால் உனக்குப் பிடித்த படிப்புள்ள இன்னும் இரண்டு இடங்களையும் இங்கே பார்த்து வை என்றேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "சரி, மாமா. போட்டுத்தான் பார்க்கிறேன்" என்று எழுந்தான்.

அவள் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் படிப்பை முடிக்கப் போகிறாள், நன்றாகவே இருக்கிறாள். தம்பி போன பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எனக்கு ஏன் மாமா அன்றைக்கு இதைச் சொல்லவில்லை?"

தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை என்பதுதான் பதில். அதை அவளிடம் சொன்னேன்.