தழும்போடு எழுந்திரு!

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில், "கிறிஸ்து உயிர்த்தார்" என்று தொண்டை அதிரச் சொல்கிறாய். திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போதோ, "இனி நம்மால் ஆகாது" என்று உன் வாசலில் நீயே கல்லைப் புரட்டி வைக்கிறாய். ஏன்?

யோவான் சுவிசேஷத்தை எடுத்துப் பார். பூட்டிய கதவுக்குள் பயந்து கிடந்த சீஷர்களிடம் வந்த இயேசு, கைகளையும் விலாவையும் காட்டினார். மரணத்தையே வென்றவருக்கு ஆணித் தழும்பை அழிப்பதா பெரிய காரியம்? அழிக்கவில்லை. தொட்டுப் பார் என்று தோமாவிடம் நீட்டினார். நீயோ, கடன் தீரட்டும், மனசு ஆறட்டும், பிறகு எழுகிறேன் என்று நாளைக் கடத்துகிறாய்.

ஆறும்வரை காத்திராமல் எழுந்த ஒருவரைச் சொல்கிறேன்: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்று டாக்டர் பால் பிராண்ட் வழி காட்டினார். சக்கர நாற்காலியிலேயே ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார் மேரி. தொழுநோயால் விரல்கள் மடங்கி, ஒரு தம்ளரைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாத கைகள் அவர் முன் நீண்டன. தசைநாணை இடம் மாற்றித் தைத்து, அந்த விரல்களை நிமிர வைத்தார். தன் காலை அசைக்க முடியாதவர் பிறர் விரலை அசைய வைத்தார்! இதைவிடப் பெரிய ஈஸ்டர் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்தது. 1986இல் கண் மூடும்வரை அந்த நாற்காலி அவரை விட்டுப் போகவில்லை. அதைச் சாக்காக்கி அவர் வேலையை ஒதுக்கவும் இல்லை.

"நான் தப்புப் பண்ணியவன், எனக்கு ஏது எழுச்சி?" என்கிறாயா? பேதுருவைப் பார். அவன் குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். உயிர்த்தவர் கடற்கரையில் அவனுக்கு மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பின் பக்கத்தில்தான். விழுந்த இடத்தை நினைவூட்டும் அதே அனலருகே சாப்பாடு போட்டு, என் ஆடுகளை நீ பார்த்துக்கொள் என்று பொறுப்பைக் கையில் கொடுத்தார்.

உனக்கும் வேலை காத்திருக்கிறது. மூன்று வருஷமாகப் பேசாத அண்ணனை இன்றே போனில் கூப்பிடு. நஷ்டத்தில் மூடிய கடையின் ஷட்டரை நாளைக் காலை தூக்கு. கை நடுங்கினாலும் பரவாயில்லை, தூக்கு!