முற்றும் போட்ட பிறகு

2003 முதல் 2009 வரை சன் டி.வி.யில் ஓடியது 'கோலங்கள்' தொடர். 1,500-க்கும் மேற்பட்ட பகுதிகள். "இதை எப்பத்தான் முடிப்பாங்களோ!" என்று சலித்துக்கொண்டே, அபியாக வந்த தேவயானிக்காக இரவுச் சமையலை முன்கூட்டியே முடித்த வீடுகள் எத்தனை! கடைசி நாளன்று அதே வீடுகளில், "அவ்வளவுதானா? இப்படியா முடிக்கிறது?" என்ற முணுமுணுப்பு.

முடிவு பிடிக்கவில்லை என்பது பாதி உண்மை. முடிந்ததே பிடிக்கவில்லை என்பது மீதி. ஆறு வருடம் நம் கூடத்தில் குடியிருந்தவளை எப்படி வழியனுப்பினாலும் மனசு ஆறாதுதான்.

வாசல் கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். அதற்காக, காலையில் நின்று ரசித்தது பொய்யாகிவிடுமா? கதையும் அப்படியே. கடைசிப் புள்ளி சற்று விலகினாலும், போட்ட கோலம் கோலம்தான்.