பின்னால் வருகிறவன்



நம் ஊருக்கு மேற்கே புளியரையைத் தாண்டிக் கோட்டைவாசலுக்கு ஏறும் சாலையில் உள்ள 'எஸ்' வளைவை அறியாதவர் உங்களில் இருக்க மாட்டீர்கள். மேலே சாலை, கீழே இரயில் பாதை. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி நடுநிசி கடந்த வேளையில், கேரளத்திலிருந்து பிளைவுட் பாரம் ஏற்றி இறங்கி வந்த லாரி ஒன்று அவ்விடத்தில் கட்டுத் தவறிச் சாலையை விட்டுப் பாய்ந்து, தண்டவாளத்தின்மேல் விழுந்தது. அதை ஓட்டியவர் உயிரிழந்தார். சத்தம் கேட்டு அங்கே குடியிருந்த வயோதிகத் தம்பதிகள் எழுந்து வந்தார்கள். இரயில் வரும் நேரம் என்பது அவர்களுக்குத் தெரியும். கையில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அந்த இருட்டில் தண்டவாளத்தின் வழியே ஓடினார்கள். விளக்கைக் காட்டி, வந்துகொண்டிருந்த இரயிலை நிறுத்தினார்கள். அரசாங்கம் அவர்களைப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தது. நாமும் பத்திரிகையில் படித்து, மெச்சி, மறந்துவிட்டோம்.

நான் கேட்பது இது. அந்த முதியவர்கள் ஓடாமல் இருந்திருந்தால் அவர்கள்மேல் குற்றம் உண்டோ? பாரம் ஏற்றியவர்கள் அவர்கள் அல்லர், வண்டியை ஓட்டியவர்களும் அல்லர். சட்டம் அவர்களை ஒரு வார்த்தை கேட்டிராது. ஆனாலும் அவர்கள் ஓடினார்கள். விழுந்து கிடக்கும் லாரியைப் பார்த்து வாயடைத்து நிற்பது மனித சுபாவம். அவர்களோ இன்னும் கண்ணுக்குத் தெரியாத இரயிலை நினைத்தார்கள்.

நல்ல சமாரியன் உவமையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எரிக்கோவுக்கு இறங்கிப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவானவர் பார்த்தார், லேவியன் பார்த்தான், சமாரியனும் பார்த்தான். மூவரும் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சாலையிலோ நம் அயலான் பெரும்பாலும் நம் கண்ணுக்குப் படுகிறதே இல்லை. அவன் நமக்குப் பின்னால், வளைவுக்கு அப்பால், பத்து நிமிஷம் கழித்து வருகிறவன். அவன் பேர் தெரியாது, முகம் தெரியாது. அவனுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா?

ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். மலையேற்றத்தில் டயர் பஞ்சராகி ஒரு வண்டி நிற்கிறது. உருண்டுவிடாதபடி சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுக்கிறார்கள். பின்னால் வருகிற வண்டிகளுக்கு அடையாளமாக இன்னும் நாலு கல்லை வரிசையாக வைத்து, ஒரு மரக்கிளையையும் ஒடித்துப் போடுகிறார்கள். எல்லாம் நல்ல காரியமே. ஸ்டெப்னியை மாட்டியாயிற்று. ஓட்டுநர் ஏறிவிட்டார், கிளீனர் பையனும் தொற்றிக்கொண்டான். "தம்பி, கல்லு கிடக்கே" என்று யாராவது சொன்னால் வருகிற பதில் என்ன? "வர்றவன் பாத்துப் போவான் அண்ணாச்சி!"

வர்றவன் பார்த்துப் போவான். நம் சாலைகளின் வேதமே இதுதான் போலும். வருகிறவன் ராத்திரி பதினொரு மணிக்கு, சாரல் மழையில், மனைவியையும் பிள்ளையையும் பின்னால் உட்கார்த்தி வைத்து மோட்டார் சைக்கிளில் வருகிறான். காப்பாற்றுவதற்காக வைத்த அதே கல் அவன் சக்கரத்தில் இடறுகிறது. அவன் விழும்போது கல்லை வைத்தவர் மதுரை போய்ச் சேர்ந்திருப்பார். அவர் யாரையும் கொல்ல நினைத்தவரா? இல்லை. ஐந்தாம் கற்பனையை மீறினேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவாரா? அவருக்கு நடந்ததே தெரியாதே!

தெரியாது என்ற இந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தெரியாமல் செய்தது பாவமாகாது என்று நம்மில் பலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் அப்படிச் சொல்லவில்லை. அறிந்துகொள்ள வழியே இல்லாததை அறியாதிருப்பது குற்றமன்று. ஆனால் அறிந்துகொள்ளக் கடமைப்பட்டதை அசட்டையால் அறியாமலிருந்தால் அந்த அறியாமையே குற்றம் என்பது அவருடைய போதனை. புது டயரின் உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்து அது வெடித்தால், அதற்கு நீங்கள் பொறுப்பாளி அல்ல. தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்ட டயரோ குனிந்து பார்த்தால் தெரியும். அதன் பள்ளங்களுக்குள்ளேயே தேய்மானக் குறி வைத்திருக்கிறார்கள். ஈரச் சாலையில் அப்படிப்பட்ட டயர் தண்ணீரின்மேல் வழுக்கும். குனியவில்லை, ஆகையால் தெரியவில்லை என்றால், அது எந்த வகை அறியாமை?

இப்போது நம் பங்கில் கார் இல்லாத தெரு இல்லை. புது வண்டியை மந்திரித்து வாங்கக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறோம், அர்ச். கிறிஸ்தோபர் படத்தை முன்னால் ஒட்டுகிறோம். மிக நல்லது. ஆனால் தீர்த்தம் தெளித்தாயிற்று என்பதற்காக பிரேக் ஆயிலைப் பார்க்காமல் விடக்கூடாது. அர்ச்சியசிஷ்டவர்களுக்கும் ஓரளவுக்குத்தான் வேலை கொடுக்கலாம்!

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்முடையது மலையடி ஊர். கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், அதன் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. பிரேக் ஆயில் நாளாவட்டத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் கலந்த ஆயில் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழியிடும்; பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகவேதான் ஆயிலைக் குறித்த காலத்தில், பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மாற்றச் சொல்லுகிறார்கள். இறக்கத்தில் சிறிய கியரில் இறங்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லும் பாடம். கியர் மாற்றாத ஆட்டோமாட்டிக் கார்களிலும் இறக்கத்துக்கென்று தாழ்ந்த நிலை ஒன்று இருக்கும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. இக்காலத்துக் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் வீணாகச் செலவாகிறது. பணமும் மிச்சமில்லை, பிடிப்பும் இல்லை.

மீறியும் பிரேக் போய்விட்டால்? பெடலைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதியுங்கள். சில சமயம் பிடிப்பு திரும்பும். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கை பிரேக்கைச் சுண்டி இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், அணைத்தால் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஹாரனை அடித்துக்கொண்டே, விளக்கைப் போட்டு, ஒன்றும் முடியாவிட்டால் பள்ளத்தை விட்டு மலைப்பக்கத்து மண்ணில் உரசி நிறுத்துங்கள். இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து நிதானமாக யோசித்து வைத்திருக்க வேண்டும். கியர் கம்பி, கை பிரேக் எல்லாம் எங்கே என்று கை தானாகப் போக வேண்டும்.

1888-ம் ஆண்டு ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற தாய், தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். நெடும்பயணம் என்று கார் போனது அதுவே முதல் தடவை. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு செருப்புத் தைக்கிறவரைக் கொண்டு அவற்றின்மேல் தோலை அடிக்கச் செய்தார். அந்தத் தாய்க்குக் கற்றுக்கொடுக்க அன்று ஓட்டுநர் பள்ளி ஏது? நமக்கோ வண்டியோடு ஒரு புத்தகமே தருகிறார்கள். அது கைப்படாமல் முன் அறையில் கிடக்கிறது.

சரி, வண்டி பழுதாகி நின்றுவிட்டது. முடிந்த மட்டும் சாலையை விட்டு இறக்கி, நான்கு விளக்கும் மின்னும்படி போட்டு, எல்லோரையும் சாலைக்கு எதிர்ப்புறக் கதவு வழியாக இறக்கி அப்பால் நிற்கச் செய்யுங்கள். சிவப்பு முக்கோணத்தை எங்கே வைப்பது? வண்டியிலிருந்து ஐந்தடி தள்ளி வைத்துத் திருப்தி அடைகிறவர்களைப் பார்க்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 17 மீட்டர் வரை கடந்துவிடும். ஆபத்தை உணர்ந்து காலைத் தூக்கவே அந்த ஒரு விநாடி ஆகிவிடும். ஆகவே எழுபது எட்டாவது பின்னால் நடந்து போய் வையுங்கள். வளைவானால், வளைவுக்கு முன்பே வையுங்கள். அந்த எழுபது எட்டு நடை முழுவதும் நீங்கள் பாராத ஒருவனுக்காகத்தான். ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் திறக்காதீர்கள், ஆறட்டும். இவ்வளவு போதும்.

அடிபட்டவன் கண் முன்னே கிடக்கும்போது என்ன செய்வதென்று உவமையே சொல்லிவிட்டது. ஆனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்ற பயம் நம்மவர்களை இன்னும் விடவில்லை. அந்தப் பயத்துக்கு இப்போது ஆதாரம் குறைவு. 2016-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்கான நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்கில்லை என்கிறது. பேரைச் சொல்லும்படியும் அவரை வற்புறுத்த முடியாது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. 108-க்குச் சொல்லுங்கள். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தாலொழிய இழுத்துப் புரட்டாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா, தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊரில் கூட்டம் கூடியவுடன் முதலில் நடப்பது அதுதான்.

1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேச நூல், வேகத்தின் மோகத்தாலோ குடியாலோ சாலையில் பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குவதைக் கனமான குற்றமாக ஐந்தாம் கற்பனையின் கீழேயே வைத்திருக்கிறது. 2007-ல் ரோமாபுரி ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கற்பனைகளையே வெளியிட்டது. அங்கும் முதலாவது, கொலை செய்யாதிருப்பாயாக என்பதே. வேகமும் குடியும் குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். இறங்கித் திரும்பி ஒரு கல்லை எடுக்காமல் போனதை மட்டும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

நானும் சேர்க்கவில்லை. சாரல் காலத்தில் ஒரு மாலை குற்றாலத்திலிருந்து திரும்புகையில் வல்லத்தின் அருகே என் வண்டி டயர் பஞ்சரானது. மழையில் நனைந்துகொண்டே ஸ்டெப்னியை மாட்டினோம். சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை அண்டை கொடுத்திருந்தேன். பிள்ளைகளுக்குக் குளிர், எனக்கு அவசரம். பிரானூர் வந்த பிறகுதான் கல் நினைவுக்கு வந்தது. "திரும்பிப் போவோமா?" என்று வீட்டில் கேட்டார்கள். "வருகிறவன் பார்த்துப் போவான்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்தே வந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் பூசைக்குப் போகுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லம் போய்ப் பார்த்தேன். சாலையில் கல் இல்லை. வேலியோரம் புல்லுக்குள் யாரோ அதைத் தூக்கி வைத்திருந்தார்கள்.