பெயரெழுதாத பேழை

தான் செய்த செயலில் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. பள்ளிச் சிறுவன் மேசையில் பெயரைக் கீறுகிறான். பெரியவர்கள் அதையே கல்வெட்டில் பொறிக்கிறார்கள். அவ்வாறிருக்க, அரிதின் முயன்று கற்ற கலையையெல்லாம் ஒரு பொருளில் கொட்டி, அதில் தன் பெயரையும் எழுதாமல், பலர் காணாத இருளறையில் வைத்துவிட்டு ஒருவன் செல்வானாயின், அவன் உழைப்பு வீணானதா? திபெத்து நாட்டின் வண்ணம் தீட்டிய மரப்பேழைகள் நம்முன் வைக்கும் வினா இதுவே.

திபெத்துப் பீடபூமி பெரும்பாலும் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. அங்கே காற்றும் குளிரும் மிகுதி, மரமோ அரிது. தென்கிழக்குப் பள்ளத்தாக்குகளின் காடுகளிலிருந்து வந்த மரத்தை மக்கள் அருமையாகப் போற்றினர். தரையில் விரித்த கம்பளமே அவர்களுக்கு இருக்கை. தானியமும் துணியும் வைக்கப் பெட்டி, தேநீர்க் கிண்ணமும் ஏடும் வைக்கக் குட்டை மேசை, பூசைப் பொருள்களுக்கு அலமாரி என மரச்சாமான்கள் சிலவே. அவற்றுள்ளும் சிறந்தவை பல மடாலயங்களில் இருந்தன.

சிலவே ஆயினும், அவற்றை வெறும் மரமாக விட அவர்கள் மனம் ஒப்பவில்லை. வெண்சுண்ணப் பொடியையும் வச்சிரப் பசையையும் குழைத்து மரத்தின்மேல் பூசித் தேய்த்து வழவழப்பாக்கினர். செப்புத் தாதுக்களை அரைத்துப் பச்சையும் நீலமும், சாதிலிங்கத்தால் சிவப்பும், அரிதாரத்தால் மஞ்சளும் பெற்றனர். தாமரையும் பனிச்சிங்கமும் கடல்நாகமும் பேழைகளின்மீது உயிர்பெற்றன.

இவற்றுள் நம் சிந்தனைக்குரியது ‘தோர்காம்’ என்னும் அலமாரி. வாற்கோதுமை மாவும் வெண்ணெயும் பிசைந்து செய்யும் ‘தோர்மா’ என்னும் படையலை வைப்பதற்கு உரியது அது. காவல் தெய்வங்களின் இருண்ட சன்னிதியே அதன் இடம். அதன் கதவுகளில் மண்டையோடுகளும் சினந்த முகங்களும் காணப்படும். வெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் அவற்றைக் கண்டவர் மிகச் சிலரே. தீட்டியவன் பெயரோ பெரும்பாலும் இல்லை. கூலிக்காகத் தீட்டியவரும் இருந்திருப்பர். ஆயினும், வழிபாட்டுக்குரியதைச் செய்வதே புண்ணியம் என்பது அச்சமயத்தின் கொள்கை.

இதைத் தன்னலமற்ற தொண்டு என்று புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால், வரலாறு அங்கே நிற்கவில்லை. 1959ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்துத் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். 1966 முதல் 1976 வரை நடந்த சீனக் கலாசாரப் புரட்சியில் மடாலயங்கள் பல அழிந்தன. எஞ்சிய பேழைகளுள் பல பின்னர் வெளிநாட்டுச் சந்தைகளை அடைந்தன. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாசடினா நகர அருங்காட்சியகம் ஒன்று இவற்றுக்கெனவே ஒரு கண்காட்சி நடத்தியது. இருளில் சிலர் கண்டதை இன்று பேரொளியில் பலர் காண்கின்றனர். கதவு தெரிகிறது, உள்ளே படையல் இல்லை. உடைமையாளர் பெயர் பதிவாகிறது. செய்தவன் ‘பெயர் அறியாதவன்’ ஆகிறான். பணிவினால் அவன் விட்டுவைத்த வெற்றிடத்தில் விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது.

பெயரை மறைப்பது செய்பவனின் பெருமை. அவனையே மறப்பது காண்பவனின் சிறுமை. முன்னதைக் காட்டிப் பின்னதற்கு நியாயம் கற்பித்தல் தகாது.

அப்பேழைகளில் தீட்டப்படும் ஓவியங்களுள் ஒன்று, பாரதத்தில் தோன்றிய பௌத்தக் கதையைச் சார்ந்தது. யானைமேல் குரங்கு, குரங்கின்மேல் முயல், முயலின்மேல் பறவை. அருகில் கனிமரம். தம்முள் மூத்தவர் யார் என்று அவை ஆராய்ந்தன. தான் வந்தபோதே மரம் வளர்ந்திருந்தது என்றது யானை. இளமரமாகக் கண்டது குரங்கு; கன்றாகக் கண்டது முயல். விதையையே கொணர்ந்து இட்டது பறவை. உருவில் சிறிய அதனையே மற்றவை தலைமேல் ஏற்றுக்கொண்டன. பறவை மரத்தில் தன் பெயரை எழுதவில்லை. நிழலில் நின்றவையோ, விதைத்தது யார் என்று கேட்க மறக்கவில்லை.

ஆகவே, அந்த ஓவியனின் உழைப்பு வீணன்று. 1988ஆம் ஆண்டில் இந்தியாவின் தர்மசாலா அருகே நிறுவப்பட்ட நோர்புலிங்கா கலைக்கூடத்தில் இளையோர் இன்றும் மரத்தில் வண்ணம் தீட்டப் பயில்கின்றனர். பெயர் அழிந்தபோதும் கைத்திறன் மாணவன் வழியே வாழ்கிறது. ஆசிரியப் பணியும் இத்தகையதே அன்றோ?

மாணவர்களே, அழகிய பழம்பொருளைக் காணும்போது அதன் விலையை மட்டும் வினவாதீர். எதற்காக, எவ்விடத்தில், எம்மக்களால் செய்யப்பட்டது என்றும் வினவுங்கள். பெயரை மீட்க இயலாதபோதும், அந்த வினாவே நாம் செலுத்தக்கூடிய கடன்.