மலை யார் பெயரில்?

மீனாட்சியம்மன் கோயிலில் சொக்கநாதரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் சண்டிகேசுவரர் முன்னால் மெல்லக் கைதட்டுவார்கள். சிலர் உள்ளங்கைகளைத் தேய்த்து உதறுவார்கள். சிவன் சொத்தில் எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டும் வழக்கம் அது. விளையாட்டுபோலத் தெரிந்தாலும் சண்டிகேசுவரர் உண்மையில் கணக்குப் பார்த்தவர்தான். சோழ, பாண்டியர் கல்வெட்டுகளில் சிவன் கோயில் நிலம் கைமாறுவது பெரும்பாலும் அவர் பெயரில்தான். ‘சண்டேசுவரப் பெருவிலை’ என்றே ஒரு விற்பனைக்குப் பெயர் உண்டு.

இன்றைக்கும் கோயில் நிலத்துக்குச் சிட்டா எடுத்தால் உரிமையாளர் பெயராகச் சாமி வந்து நிற்பார். கையெழுத்துப் போடாத, ரேகை வைக்காத பட்டாதாரர். சட்டத்தின் கண்ணில் அவர் என்றைக்கும் மைனர். தனியார் நிலத்தில் 12 ஆண்டு, புறம்போக்கில் 30 ஆண்டு இருந்தவர் அனுபவ பாத்தியம் பேசிப் பார்க்கலாம். கோயில் நிலத்தில் அது எடுபடாது. அதை மீட்கும் வழக்குக்குக் காலவரம்பே இல்லை என்கிறது 1959-ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு.

சரி, கடவுள் நிலத்தை வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றவர் நாத்திகர் அல்லர். வேள்விகளுக்கு விளக்கம் எழுதிய மீமாம்சை உரையாசிரியர் சபரர். ஒரு பொருளைத் தன் விருப்பப்படி பயன்படுத்துகிறவனே அதற்கு உடையவன். தேவதை அப்படி எந்த வயலையும் பயன்படுத்துவதில்லை. ஆகவே ‘தேவனின் ஊர்’ என்பது பேச்சு வழக்கு மட்டுமே என்பது அவர் வாதம். சைவர் ஒப்புவார்களா? மதுரைச் சிவனுக்குத் திருவாலவாயுடையார் என்றல்லவா பெயர்!

நிலம் கடவுளுடையதா என்ற கேள்வி திருப்பரங்குன்றத்தில் வழக்காகவே வந்தது. அங்குள்ள மலைக்கு உரிமை கோரிக் கோயில் தரப்பு 1920-இல் மதுரை சார்பு நீதிமன்றம் போனது. மலையிலுள்ள நெல்லித்தோப்பும் உச்சியிலுள்ள பள்ளிவாசலும் அதற்கு ஏறும் படிகளும் முஸ்லிம்களுடையவை, மற்றது பெரும்பாலும் கோயிலுடையது என்று 1923-இல் தீர்ப்பு. யாரும் குடியேறாத பகுதி சர்க்காருடையது என்று 1926-இல் சென்னை உயர் நீதிமன்றம் மாற்றிச் சொன்னது. 1931-இல் லண்டன் பிரிவி கவுன்சில் முதல் தீர்ப்பின் பக்கம் திரும்பியது.

எந்த ஆதாரத்தில்? தலபுராணத்தில் இல்லை. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அந்த வெற்று மலைப்பகுதியைக் கோயில் தன் சொத்தாகவே நடத்திவந்தது என்ற சாட்சியத்தில். சபரர் கேட்ட ‘அனுபவிப்பவர் யார்’ என்ற கேள்வியைத்தான் அந்த நீதிபதிகளும் கேட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சாமியை நில உடைமையிலிருந்து விலக்கச் சபரர் வைத்த அளவுகோலே இங்கே சாமிக்கு மலையைக் கொடுத்தது.

சாமி நிலத்துக்கு உடையவர் ஆகலாம்; நிலமே சாமி ஆகுமா? 2019 அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தை ராமரான ராம் லல்லாவைச் சட்டப்படியான நபராக ஏற்றது. அவர் பிறந்த இடமாகச் சொல்லப்படும் நிலத்தையே ஒரு நபராக ஏற்கவில்லை. பரங்குன்றத்தையே லிங்கமாக நினைத்துக் கிரிவலம் வருகிற பாட்டியிடம் இந்த வேறுபாட்டைச் சொன்னால் அவருக்குப் புரியாது. அவருக்கு மலை சாமியின் சொத்து அல்ல, சாமியேதான். அதை எழுதச் சிட்டாவில் தனிக் கட்டம் கிடையாது.