நம்மாள் ஒருவர் இருந்தால் போதுமா?

எங்கள் பக்கத்தில் எந்த அலுவலகத்துக்குப் போவதாக இருந்தாலும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, “அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?” என்பதுதான். பட்டா மாறுதலோ, வாரிசுச் சான்றோ, கிணற்றுக்குக் கரண்ட் இணைப்போ, என்னென்ன காகிதம் வேண்டும் என்ற யோசனை அதற்கப்புறம்தான் வரும். சேலத்திலிருந்து நாமக்கல் வரை மரவள்ளி போடுகிறவர், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், தறி போட்டிருக்கிறவர் எல்லோரிடமும் இதைப் பார்க்கிறேன். அரசாங்கத்தின் வாசலில் பங்காளி வீட்டுக்கு வந்தவர்களைப் போல நிற்கிறோம். முகம் பார்த்துத்தான் உள்ளே கூப்பிடுவார்கள் என்று நம்புகிறோம்.

2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சரானபோது இந்த நம்பிக்கைக்குப் பெரிய பலம் கிடைத்தது. சிலுவம்பாளையத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கோட்டையில் உட்கார்ந்தார். அவர் கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்கள்கூட “நம்ம ஊர்க்காரரு” என்று சொல்லிப் பூரித்ததைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது.

அடுத்த ஆண்டே சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைத் திட்டம் வந்தது. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். சென்னைக்குக் கிருஷ்ணகிரி வழியும் உளுந்தூர்பேட்டை வழியும் ஏற்கெனவே இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டும் என்று சொன்னவர்களும் எங்கள் ஊரிலேயே உண்டு. அந்த வாதம் நடந்திருக்க வேண்டிய வாதம்தான். ஆனால் வாதத்துக்கு முன்னால் கல் வந்துவிட்டது.

2018 ஜூனில் பூலாவரி, நிலவாரப்பட்டி, குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி என்று வரிசையாகக் காடுகளுக்குள் (விவசாய நிலத்தை நாங்கள் காடு என்போம்) போலீஸ் பாதுகாப்போடு அளந்து கல் நட்டார்கள். எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவருக்கு அந்தத் தடத்தில் இரண்டு ஏக்கர். கல்லுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கிணறு. “ஏனுங்க, இது எங்க காடுங்க. ஒரு வார்த்தை சொல்லீட்டு நட்டிருக்கலாமில்லீங்க?” என்று கேட்டிருக்கிறார். அளக்க வந்தவர் மேலே கேட்கச் சொன்னார். மேலே இருந்தவர் இது ஹைவேஸ் வேலை என்றார். ஹைவேஸில் கேட்டால் மத்திய அரசுத் திட்டம் என்றார்கள். மத்திய அரசின் முகம் எங்கள் ஊரில் எந்த மேஜைக்குப் பின்னால் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? ஒவ்வொருவரும் தன் அளவில் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் மனம் ஆறாத விஷயம். பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று மட்டும் யாருமில்லாமல் போய்விட்டது.

எதிர்த்துப் பேசிய வயதான பெண்மணி ஒருவரை அவருடைய நிலத்திலிருந்தே போலீஸார் தூக்கிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. சூழலியலாளர் பியூஷ் மானுஷும் நடிகர் மன்சூர் அலிகானும் கைதானார்கள். கோட்டையில் நம்ம ஊர்க்காரர் இருந்த காலம் அது. ஊர்ப்பாசம் அதிகாரத்தின் நாற்காலிவரைதான் நம்மோடு வருகிறது. அதற்குமேல் அதில் உட்கார்ந்தவரை நமக்குப் பதில் சொல்ல வைப்பது சட்டமும் நம்முடைய விடாப்பிடியும்தான்.

இந்த விஷயத்தில் உதவியது எது என்று பார்த்தால் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இன்படி, நிலம் எடுப்பதாக அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். வாழ்நாளில் ஒரு மனுவும் எழுதியிராதவர்கள் அதை எழுதினார்கள். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் கையாலேயே சிலவற்றை எழுதியிருக்கிறேன். சர்வே எண், உட்பிரிவு, கிணற்றின் ஆழம், தென்னை எத்தனை, பாக்கு எத்தனை. “எங்க தாத்தா காலத்து நெலம்னு சேர்த்துக்கோ தம்பி” என்றார் ஒரு பாட்டி. சட்டப்படி அதற்கு மதிப்பில்லை என்று தெரிந்தும் சேர்த்தேன். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் அதைப் பட்டாவோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஆட்சேபத்தோடு நிற்காமல் சிலர் வழக்கும் போட்டார்கள். அவர்களில் விவசாயிகள் இருந்தார்கள், கட்சிக்காரர்கள் இருந்தார்கள், ‘பூவுலகின் நண்பர்கள்’ என்ற சூழலியல் அமைப்பு இருந்தது. 2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. வருவாய் ஆவணங்களில் பெயரை மாற்றியிருந்தால் எட்டு வாரத்துக்குள் பழையபடி உரிமையாளர் பெயருக்கே திருப்பச் சொன்னது. ஊரில் வெடி வெடித்தார்கள். மேல்முறையீட்டில் 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கத் தேவையில்லை, புதிதாக அறிவிக்கை வெளியிட்டுத் தொடரலாம் என்றது. ஆவணத்தைத் திருப்பச் சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

அதற்கப்புறம் வந்த காலம்தான் கொடுமை. நிலம் போகவுமில்லை, முழுசாகக் கைக்கு வரவுமில்லை. தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை காடு நம்முடையதாக இருக்குமா? கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கலாமா? பெண் பார்க்க வருகிறவர்கள் “ரோடு போற காடுங்களா?” என்று விசாரிக்கிறார்கள். திட்டத்தை எதிர்த்த தி.மு.க. 2021இல் ஆட்சிக்கு வந்தது. மறு ஆண்டே, சாலையே கூடாது என்று தாங்கள் சொல்லவில்லை, மக்களிடம் பேசிச் செய்யச் சொன்னோம் என்ற பொருளில் அமைச்சர் எ.வ. வேலு விளக்கினார். எங்கள் பக்கம் மறுபடி ஒரு கலக்கம். ஒரு குடும்பம் மரம் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் வருஷக்கணக்கில் நிற்பதற்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

டீக்கடையில் இதைப் பேசினால் “எவன் வந்தாலும் இப்படித்தாங்க” என்று முடித்துவிடுகிறார்கள். அதன் பின்னால் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அதை ஏற்கமாட்டேன். எவன் வந்தாலும் இப்படித்தான் என்று நாம் சொல்லிவிட்டால் வருகிறவருக்கு அதைவிட நிம்மதி வேறென்ன இருக்கும்? பொத்தாம்பொதுவான வசவு யாரையும் தொடாது. எழுதிப் போட்ட வழக்கைத்தான் ஒரு நீதிமன்றம் எடுத்துப் படித்தது.

சித்தப்பா பிறகு சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கப் போனார். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று சித்தி சொன்னதற்குத் தீர்ப்பின் ஜெராக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு முறை நாளைக்கு வரச் சொன்னார்கள், போனார். மூன்றாம் முறை அவர் பெயரிலேயே சிட்டா எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஆடி மாதம் காட்டின் மேற்கு ஓரத்தில், அளந்த தடத்துக்கு உள்ளேயே, தென்னம்பிள்ளை வைத்தார்.